வாக்குப்போட அடையாள அட்டை கட்டாயமா? எங்கள் யாழ்ப்பாணத்து அனுபவத்தை வைத்துப் பேசுவோம்

செம்மண் (உரும்பிராய்)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வாக்காளரிடம் அடையாள அட்டை கேட்கலாமா கூடாதா என்ற சண்டை இருபது வருடமாக ஓயவில்லை. 2005 இல் இந்தியானா மாநிலம் புகைப்பட அட்டையைக் கட்டாயமாக்கியது. 2008 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்றது. ரெக்சாசில் 2011 இல் வந்த சட்டம் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமத்தை ஏற்றுக்கொண்டது, பல்கலைக்கழக மாணவர் அட்டையை ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், குடியுரிமையை ஆவணத்தால் காட்டினால்தான் வாக்காளராகப் பதியலாம் என்ற சட்டமூலம் அங்கே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது.

இங்கே இருந்து இதைப் பார்க்கிற கன பேர், "இதில் என்ன சண்டை? நாங்கள் அட்டை காட்டித்தானே போடுகிறோம்" என்று கேட்கிறார்கள். ஓம், 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்துக்குப் பிறகு இலங்கையில் அடையாளத்தை நிரூபிக்காமல் வாக்குச்சீட்டு கிடையாது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1972 இலிருந்து எங்களுக்குத் தேசிய அடையாள அட்டை உண்டு. அமெரிக்கர்களுக்கு அப்படி ஒரு பொது அட்டையே இல்லை. கார் ஓடுகிறவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கும். கார் இல்லாதவர், வயோதிபர், அடிக்கடி வீடு மாறுகிற ஏழை எதைக் காட்டுவது?

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். அட்டை கேட்பது சரி. ஆனால் கேட்கிற அரசாங்கம் அதை ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் கேட்கவேண்டும். சேர்க்காமல் கேட்டால் அது வாக்குரிமையைப் பறிப்பதுதான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வாருங்கள்.


பழைய எழுதுவினைஞர் (கோண்டாவில்)

தம்பி, நல்ல விசயம் தொடங்கியிருக்கிறீர்கள். அரச சேவையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையக் கடமை செய்தவன் நான். நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

வாக்காளர் வந்ததும் முதல் மேசையில் அட்டையைப் பார்த்து, வாக்காளர் பட்டியலான இடாப்பில் பெயரைத் தேடி, இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார்கள். கட்சி முகவர்களின் காதில் விழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். பிறகு விரலில் மை, அப்புறம் சீட்டு. 2004 சட்டத்துக்கு முன்பு அந்த முதல் மேசையில் அட்டை இல்லை. வந்தவர் ஒரு பெயரைச் சொல்லுவார், பெரும்பாலும் தபாலில் வந்த வாக்காளர் அட்டையை நீட்டுவார். அவர் அந்த ஆள் இல்லை என்று சொல்லக்கூடியவர் முகவர் மட்டும்தான். யுத்த காலத்தில், வாசலில் துவக்கோடு ஆட்கள் நிற்கும்போது, எந்த முகவர் வாய் திறப்பார்?

இது வடக்கின் பிரச்சினை மட்டுமென்று நினைக்கவேண்டாம். 1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் நடந்த மோசடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் வடக்கு கிழக்கில் பெருமளவு ஆள்மாறாட்டம் நடந்ததாக ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில்தான் சட்டமும் வந்தது.

தேசிய அடையாள அட்டை மட்டும்தான் செல்லும் என்பது பிழையான எண்ணம். செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அட்டை, சமூக சேவைகள் திணைக்களத்தின் முதியோர் அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்குக் கொடுக்கும் அட்டை, அதே திணைக்களம் தரும் அடையாள அட்டைத் தகவலை உறுதிப்படுத்தும் கடிதம் எல்லாம் ஏற்கப்படும். ஒன்றுமே இல்லாதவர் கிராம சேவகர் ஊடாக விண்ணப்பித்தால் தேர்தலுக்கென்று தற்காலிக அட்டை கொடுப்பார்கள். வாக்காளர் அட்டை இல்லாமல் வாக்குப் போடலாம். அடையாள ஆவணம் இல்லாமல் முடியாது. சனம் இதைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறது.


தீவகத்தான் (வேலணை)

ஐயா சொன்னதோடு நூறு வீதம் உடன்படுகிறேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: அட்டை இல்லையென்றால் சீட்டு இல்லை, அதில் இரக்கமே கூடாது.

1994 பொதுத் தேர்தலில் குடாநாட்டில் வாக்கெடுப்பு நடத்தமுடியாத நிலை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 10 ஆசனம். இடாப்பிலோ ஐந்து லட்சத்துக்கும் மேல் பெயர். பெரும்பாலும் தீவுப்பகுதியில் விழுந்த பத்தாயிரத்துச் சொச்ச வாக்கோடு ஒரே சுயேச்சைக் குழு 9 ஆசனத்தை எடுத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் பகிஷ்கரிப்பு. மாவட்டத்தில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள், போட்டவர்கள் 1.21 வீதம். இப்படி லட்சக்கணக்கான பெயர்கள் ஆளில்லாமல் கிடக்கிற இடத்தில் அட்டையும் கேட்காவிட்டால் என்ன நடக்கும்? வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கும், செத்துப்போன தகப்பனுக்கும் ஆரோ வந்து போட்டுவிட்டுப் போவான்.

அமெரிக்காக்காரனுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.


திருநெல்வேலி மாணவி (சட்டம் படிக்கிறேன்)

தீவகத்தான் அண்ணா, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அங்கே நடப்பதையும் இங்கே நடந்ததையும் ஒரே அளவுகோலால் அளக்கமுடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் ஜஸ்ரின் லெவிற் 2000 முதல் 2014 வரையான தேர்தல்களை ஆராய்ந்தார். நூறு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில், நேரில் வந்து இன்னொருவர் பெயரில் போட்டதாக நம்பத்தகுந்த சம்பவம் 31 மட்டுமே அகப்பட்டது. இங்கே வருத்தம் உண்மையாகவே இருந்தது, மருந்து கொடுத்தார்கள். அங்கே வருத்தம் அநேகமாக இல்லை, மருந்தை மட்டும் வற்புறுத்துகிறார்கள்.

யாருக்கு அந்த மருந்து என்பதும் முக்கியம். 1965 வாக்குரிமைச் சட்டத்தின்படி, கறுப்பினத்தவருக்கு வாக்கை மறுத்த வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2013 இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. தீர்ப்பு வந்த அன்றே ரெக்சாஸ் தன் அட்டைச் சட்டத்தை அமுல்படுத்தப் போவதாக அறிவித்தது. வட கரோலினாவும் அதே ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. கறுப்பினத்தவர் எந்த எந்த வழிகளைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தரவு எடுத்துப் பார்த்து, அந்த வழிகளையே குறிவைத்து அடைத்தார்கள் என்று 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. கன்சாசில் பதியும்போதே குடியுரிமை ஆவணம் கேட்டதால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவு முடங்கியது. பிறகு நீதிமன்றம் தடுத்தது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2008 முதல் 2018 வரை அமெரிக்கா முழுவதையும் எடுத்து, 2021 இல் இரண்டு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கடும் அட்டைச் சட்டங்களால் மொத்த வாக்களிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று வந்தது. மோசடியும் குறையவில்லை. அட்டையை எதிர்ப்பவர்கள் சொல்கிற அளவு சேதமும் இல்லை, ஆதரிப்பவர்கள் சொல்கிற அளவு பலனும் இல்லை என்றாகிறது. ஆனாலும் மொத்த வீதம் குறையவில்லை என்று சொல்லி, வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கிழவியை இல்லாமல் ஆக்கமுடியாது. வாக்கு அவருடைய உரிமை. வீதத்தின் உரிமை கிடையாது.


ஈஸ்ட்ஹாம் (லண்டன்)

பிரிட்டன் கதையையும் சேர்க்கிறேன். இங்கே 2022 தேர்தல் சட்டத்தின்படி 2023 மே மாதம் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில்தான் முதன்முதலாகப் புகைப்பட அட்டை கேட்டார்கள். வாக்குச்சாவடிக்கு வந்தவர்களில் 0.25 வீதம், அதாவது சுமார் 14,000 பேர் கடைசிவரை போடமுடியாமல் போனதாகத் தேர்தல் ஆணைக்குழுவே கணக்குச் சொன்னது. அட்டை இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். வயோதிபரின் இலவச பஸ் அட்டை செல்லும், இளைஞர்களின் பயண அட்டை செல்லாது என்று பட்டியல் போட்டதில் இளம் பிள்ளைகளுக்குக் கடும் கோபம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு தகவல்: பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால் வாக்குப் போடலாம், இலங்கைக் கடவுச்சீட்டே அடையாளமாகச் செல்லும். காலாவதியானாலும் முகம் ஒத்திருந்தால் ஏற்கிறார்கள். எந்த அட்டையும் இல்லாதவருக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லிச் சொல்லியே கன பேரைப் பதியவைத்தோம்.


ஸ்காபரோவில் இருந்து

கனடாவில் இன்னொரு வழி இருக்கிறது, அங்கே ஊரில் ஏன் யாரும் கேட்பதில்லை என்று எனக்கு ஆச்சரியம். அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணம் இல்லாதவர், தான் இன்னார், இன்ன இடத்தில் வசிக்கிறேன் என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். அதே வாக்குச்சாவடியைச் சேர்ந்த, தன் அடையாளத்தைக் காட்டக்கூடிய ஒருவர் அவருக்காகச் சாட்சி சொல்லவேண்டும். ஒருவர் ஒருவருக்கு மட்டும்தான் சொல்லலாம். 2014 இல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள், 2018 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பூர்வகுடி மக்களுக்கும் வீடற்றவர்களுக்கும் இது பெரிய உதவி.

எங்கள் ஊரில் அயலுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே இது இன்னும் நன்றாக வேலை செய்யுமே?


பழைய எழுதுவினைஞர் (கோண்டாவில்)

தம்பி, மன்னிக்கவேணும், எங்கள் ஊரில் அது வேலை செய்யாது. அயலுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதுதான் இங்கே ஆபத்து. ஒரு கட்சிக்காரர் வந்து "இவருக்குச் சாட்சி சொல்லு" என்றால் மறுக்கிற துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? அரச நிவாரணம், வீட்டுத்திட்டம், பிள்ளையின் வேலை என்று எத்தனையோ பிடிகள் கையில் வைத்திருப்பார்கள். ஆவணம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிற ஏழைக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அதனால்தான் நான் அட்டையின் பக்கம் நிற்கிறேன்.


கிளிநொச்சி ரீச்சர்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் வருகிறது, ஆகவே எனக்கும் பேச இடமுண்டு.

தீவகத்தான் "இரக்கமே கூடாது" என்கிறார். மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் ஒருமுறை வாருங்கள் சகோதரம். மலையகத்தில் 1977 இலும் 1983 இலும் அடிவாங்கி வன்னிக்கு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து வந்தபோதே பலரிடம் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கவில்லை. இருந்தவர்களும் 2009 இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வந்தார்கள்.

அடையாள அட்டை எடுக்கப் பிறப்பத்தாட்சி வேண்டும். அது இல்லையென்றால் பதிவைத் தேடவேண்டும். பதிவு எங்கே? நுவரெலியாவிலோ பதுளையிலோ, தாய் தகப்பன் வேலை செய்த தோட்டத்துக்குப் பொறுப்பான பதிவாளரிடம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ், அதற்குச் சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், கிராம சேவகர், பிரதேச செயலகம். அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். நாட்கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அவை எல்லாம் சேர்ந்தால் சில நாள் கூலி போய்விடும், பஸ் காசு வேறு. ஒரு அலுவலகத்தில் என் கண்ணுக்கு முன்னால் ஒரு தாயை, கணவனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிழையைச் செய்தது அவர் இல்லை, முன்பு பதிந்த எழுதுநர். அவர் திரும்ப வரவேயில்லை. அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்கும் இல்லை.

இந்தச் சனத்துக்கு ஆவணம் என்றாலே ஏன் பயம் என்று வரலாற்றைப் பார்த்தால் தெரியும். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். இலங்கையில் தகப்பன் பிறந்ததை, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றார்கள். தோட்ட லயத்தில் பிறந்தவர்களிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கும்? 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவரின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் அந்த மக்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கே இல்லை. யாரும் துவக்கைக் காட்டவில்லை, பெட்டியை உடைக்கவில்லை. கடதாசி கேட்டார்கள், அவ்வளவுதான். பிறகு 1964 ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று சனத்தைப் பங்கு போட்டார்கள். 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே எஞ்சியவர்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து அரசியல்வாதிகள் எல்லோரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். செல்வநாயகம் எதிர்த்து நின்றார், 1949 டிசம்பரில் தனிக் கட்சியும் தொடங்கினார். வேறு சிலர் அரசாங்கத்தோடு இருந்தார்கள்.

அதனால் "அட்டை இல்லையென்றால் சீட்டு இல்லை" என்று யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் எழுதும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆவணத்தைக் கேட்டு ஒரு சமூகத்தையே இடாப்பிலிருந்து எடுத்த நாடு இது.


தீவகத்தான் (வேலணை)

ரீச்சர், நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். அந்தத் தாய்க்கு நடந்தது அநியாயம். ஆனால் அதற்குப் பரிகாரம் அட்டையை விட்டுவிடுவதா? அட்டை கேட்காத காலத்தில் அந்தத் தாயின் வாக்கைத்தான் முதலில் களவெடுப்பார்கள். ஏனென்றால் அவர் வந்து சண்டை பிடிக்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். பலமில்லாதவருக்குத்தான் அட்டை அதிகம் தேவை. அந்த எண்ணம் எனக்கு மாறாது.


கிளிநொச்சி ரீச்சர்

விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்கிறேன். தேர்தல் அறிவித்தபிறகு நடத்துகிற அவசர நடமாடும் சேவை போதாது. தேர்தல் இல்லாத வருடத்தில், பதிவாளரும் ஆட்பதிவுத் திணைக்களத்தாரும் பொலிசும் சமாதான நீதவானும் ஒரே நாளில் ஒரே பள்ளிக்கூடத்தில் வந்து இருக்கவேண்டும். முன்பு அப்படிச் சில இடங்களில் செய்தார்கள். செய்த இடங்களில் ஒரே நாளில் நிறையப் பேரின் அலுவல் முடிந்தது. அதை வருடா வருடம் செய்வதற்கு என்ன தடை?


சோனகதெரு

நானும் ஒரு விசயம் சொல்லவேண்டும். என்னிடம் அட்டை இருக்கிறது, எப்போதும் இருந்தது. அட்டை நான் யார் என்று சொல்கிறது. நான் எந்த ஊரான் என்ற பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து சுமார் எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தந்தது சில மணித்தியாலம்தான். புத்தளத்தில் முகாம், பிறகு அங்கேயே வீடு, பிள்ளைகள். புத்தளத்தில் பதிந்தால் "நீங்கள் வந்தேறிகள், எங்கள் பங்கை எடுக்கிறீர்கள்" என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பதியப் போனால் "நிரந்தரமாக இங்கே இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். வீடு இடிந்து கிடக்கிறது, எப்படி நிரந்தரமாக இருப்பது? 2013 இன் 27 ஆம் இலக்கச் சட்டம், இடம்பெயர்ந்தவர் தன் பழைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய வழி செய்தது. சட்டம் நல்லது. ஆனால் பதிந்த இடத்துக்கு வந்து போடுவது யார் செலவில்? 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்தில் இருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எங்கள் ஆட்களின் பஸ்களைத் தந்திரிமலைப் பக்கம் துவக்கால் சுட்டார்கள். அவர்கள் எல்லோரிடமும் அடையாள அட்டை இருந்தது.

அட்டையைப் பற்றி எவ்வளவும் பேசுங்கள். பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது, அந்த இடத்துக்குப் போய்ச் சேரமுடியுமா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.


செம்மண் (உரும்பிராய்)

சோனகதெரு எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான விசயம். அதைப் பிடித்துக்கொண்டு இடாப்புக்கு வருகிறேன்.

2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 721,359 பதிவுகள், 9 ஆசனம். இடாப்பைத் திருத்திய பிறகு 2015 பொதுத் தேர்தலில் 529,239 பதிவுகள், 7 ஆசனம். 2024 இல் 593,187, ஆனால் ஆசனம் 6. மற்ற மாவட்டங்களில் பதிவு இன்னும் வேகமாகக் கூடியதுதான் காரணம். பாராளுமன்றத்தின் 196 மாவட்ட ஆசனங்களில் 160 பதிவுசெய்த வாக்காளரின் எண்ணிக்கையை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன. ஆகவே இங்கே உயிரோடு இருக்கிற ஒருவர் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் அவருடைய வாக்கு மட்டும் போகாது, மாவட்டத்தின் பலமும் சேர்ந்து குறைகிறது.

இந்தியாவிலும் இப்போது இதே பிரச்சினைதான். 2025 இல் பீகாரில் இடாப்பை முழுக்கத் திருத்தியபோது வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லாமல் போயின. யாரை, ஏன் எடுத்தீர்கள் என்று வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதாரையும் ஆவணமாக ஏற்கச் சொன்னது. அடுத்த கட்டத்தில் தமிழ்நாடும் வந்தது. செத்தவர்களையும் இடம் மாறியவர்களையும் எடுப்பது சரி. எடுக்கப்பட்டவருக்கு அது தெரியவேண்டும், எதிர்த்துக் கேட்க வழியும் நேரமும் இருக்கவேண்டும்.


ஸ்காபரோவில் இருந்து

9 இல் இருந்து 6 என்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. எங்களின் பெயர்களை வெட்டினதால்தானே ஆசனம் போனது? நாங்கள் விரும்பி வெளிநாட்டுக்கு வரவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவனுக்கு இங்கே இருந்து வாக்குப் போட வழி செய்தால் என்ன?


பழைய எழுதுவினைஞர் (கோண்டாவில்)

வெளிநாட்டில் இருந்து வாக்களிக்கும் உரிமையைக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். இலங்கைச் சட்டத்தில் இன்றைக்கு அந்த வழி இல்லை. தபால் வாக்குக்கூட அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்ற சில வகையினருக்குத்தான். ஆனால் போடமுடியாத பெயரை இடாப்பில் விட்டு வைப்பது வேறு. யுத்த காலத்தில் பல இடங்களில் ஒழுங்காகக் கணக்கெடுக்க முடியாததால் பழைய பெயர்கள் அப்படியே தொடர்ந்தன. அந்தப் பெயர்கள்தான் கள்ள வாக்குக்கு முதலாக இருந்தன. ஆசனத்துக்காகப் பொய்ப் பெயரைக் காப்பாற்றினால் அந்த ஆசனத்தில் யார் இருப்பார் என்பதை நாங்கள் தீர்மானிக்கமாட்டோம்.


வெள்ளவத்தையில் வேலை (சொந்த ஊர் அல்வாய்)

அண்ணாமார், ஐயாமார், எங்களையும் கொஞ்சம் யோசியுங்கள். அட்டை இருக்கிறது, ஊரில் பதிவும் இருக்கிறது. தேர்தலன்று நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன். 150 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டிய தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுமுறை கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் அறிவிப்பு வருகிறது. சின்னக் கடைகளில் அதை யார் கேட்பது? கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்காது. 2024 இல் செப்ரெம்பரில் ஒரு தேர்தல், நவம்பரில் இன்னொன்று. இரண்டுக்கும் நானூறு கிலோமீற்றர் பஸ்ஸில் போய் வர என்னால் முடியவில்லை, ஒன்றுக்குத்தான் போனேன். முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி கொழும்பில் ஒரு இடத்தில் இருந்தாலே என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் போடுவார்கள். அதற்கு அட்டையே போதும், அடையாளத்தை அங்கேயும் பார்க்கலாம்தானே.


திருநெல்வேலி மாணவி (சட்டம் படிக்கிறேன்)

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒரே அட்டை ஒரு வழியை அடைக்கவும் முடியும், திறக்கவும் முடியும். அட்டையைக் கடுமையாகக் கேட்கிற நாடு, அந்த நம்பிக்கையை வைத்தே முன்கூட்டிய வாக்களிப்பையும் தூர இடத்து வாக்களிப்பையும் தாராளமாகத் திறக்கலாம். வட கரோலினாவில் அட்டையைக் கேட்டுக்கொண்டே முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களையும் குறைத்தார்கள். அதில்தான் அவர்களின் எண்ணம் வெளியே தெரிந்தது. இலங்கையில் நோக்கம் அப்படிக் கெட்டதாக இல்லை. ஆனால் 2004 இல் சட்டம் போட்டதோடு பாதி வேலையில் நிற்கிறோம்.

தேர்தலே நடக்காவிட்டால் அட்டையும் இடாப்பும் எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வயதான ஒரு பிள்ளைகூட மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. அது தனி இழைக்குரிய விசயம், இங்கே நீட்டவில்லை.


கைதடி மகள்

விவாதத்துக்கு நடுவில் ஒரு நடைமுறைக் கேள்வி. எழுதுவினைஞர் ஐயா பதில் சொன்னால் உதவி. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பழைய அடையாள அட்டையில் படம் மங்கி முகமே தெரியவில்லை, ஓரமும் உடைந்துவிட்டது. கடவுச்சீட்டு காலாவதி. அடுத்த தேர்தலில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இப்போதே கவலைப்படுகிறார். 1956 இலிருந்து ஒரு தேர்தலையும் விடாத குடும்பம் எங்களுடையது, யுத்த காலத்தைத் தவிர.


பழைய எழுதுவினைஞர் (கோண்டாவில்)

மகள், பயப்படவேண்டாம். காலாவதியான கடவுச்சீட்டு இங்கே செல்லாது, அதை எண்ணி இருக்காதீர்கள். படம் தெரியாத அட்டையோடு போனால் நிலையப் பொறுப்பதிகாரி ஆளை உறுதிப்படுத்த முடியாது என்று மறுக்கலாம். ஆகவே இரண்டு வேலை இப்போதே தொடங்குங்கள். ஒன்று, பிறப்பத்தாட்சியோடு கிராம சேவகரிடம் போய்ப் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது வரச் சுணங்கலாம். இரண்டாவது, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு முதியோர் அட்டை எடுங்கள், வாக்களிக்க அது தனியாகவே போதும். தேர்தல் அறிவித்தும் இரண்டுமே கைக்கு வரவில்லையென்றால் உடனே கிராம சேவகரிடம் தற்காலிக அட்டைக்குப் படத்தோடு விண்ணப்பம் கொடுங்கள். அதற்கான கடைசித் திகதி வாக்களிப்புக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும், அதைத்தான் கன பேர் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்று, அம்மாவின் அட்டை இலக்கத்தைத் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் போட்டு, இந்த வருட இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்தக் கொடுக்கலாம்.


கைதடி மகள்

மிக்க நன்றி ஐயா. இடாப்பைப் பார்த்தேன், அம்மாவின் பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியின் பெயர் இல்லை. அவர் போன வருடம் படிவம் நிரப்பவேயில்லையாம். ரீச்சர் சொன்னதுபோல அவரிடமும் பிறப்பத்தாட்சி இல்லை. திங்கட்கிழமை இரண்டு பேரையும் ஒரே ஓட்டோவில் கூட்டிக்கொண்டு கிராம சேவகரிடம் போகிறேன். ஆச்சிக்கு உத்தேச வயதுச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று ரீச்சர் ஒருக்கால் எழுதிவிடுங்கோ.